கதை எப்போது முடியும் என்று முதல் நாளே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையை இருபது வருஷத்துக்கு மேலாக வாசிக்கிறேன், ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகத்தான் போகும், வெட்டிச் சுருக்கிப் போட்டாலும் சரி. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்தரை வரை நம் வீடுகளில் ஓடுகிற சீரியல்களைப் பற்றி யாராவது உட்கார்ந்து நாலு வார்த்தை பொறுப்பாக எழுதமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 78 வயது. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். அந்த மூன்று மாதமும் சாயங்காலமானால் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவோடு சீரியல் பார்த்தேன். அதுவரைக்கும் வேலை முடிந்து வந்து சமையல் செய்யும்போது காதில் விழுந்த அளவுக்குத்தான் எனக்கு சீரியல் பழக்கம். இப்படி வரிசையாக, ஒரு நாள் விடாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தது அப்போதுதான். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீரியலே ஆகாது, டிவியைத் தூக்கிப் போடு என்கிற கட்சி இல்லை நான். எழுந்து நடக்க முடியாத ஒரு மனுஷிக்கு அந்த நாலரை மணி நேரம் எவ்வளவு பெரிய துணை என்பதைக் கண்ணால் பார்த்தேன். எந்த மாத்திரை எந்த நேரம் என்பதைக்கூட அம்மா சீரியல் பேரை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார். இன்னொன்று, நாற்பது வயசைத் தாண்டினால் அண்ணி, அம்மா என்று சினிமா ஓரம் கட்டிவிடுகிற நடிகைகளைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது சின்னத்திரைதான். அதில் சிலர் ஒன்றுமே இல்லாத வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்மைக் கலங்க வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது, இவ்வளவு நல்ல ஆட்களை வைத்துக்கொண்டு எடுப்பது இதையா என்று.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். சேனல் பேர், சீரியல் பேர் வேண்டாம், இதே மாதிரி காட்சி எல்லாச் சேனலிலும் வந்திருக்கிறது. கதாநாயகி ஒருவனை வேண்டாம் என்று முகத்துக்கு நேராக நாலைந்து நாளாகச் சொல்லி வருகிறாள். கோயில் கூட்டத்தில் அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் தாலியைக் கட்டிவிடுகிறான். இடிச் சத்தம், மணிச் சத்தம், மூன்று பக்கத்திலிருந்து கேமரா, அதே ஷாட் மறுபடி மறுபடி. அப்புறம் வீட்டுப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, கட்டினது கட்டியாச்சு, இனிமேல் அவன்தான் உன் புருஷன் என்று சொல்கிறார்கள், அவளும் அழுதுகொண்டே போகிறாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் தங்கை மகள், நாலாம் வகுப்பு படிக்கிறாள், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பெரியம்மா, அந்த அக்காதான் வேண்டாம்னு சொன்னாங்கள்ல? அப்புறம் எப்படி அவங்க புருஷன்?" என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார். அது தப்பு பாப்பா, அப்படி செஞ்சா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும் என்றேன். "பின்ன ஏன் போலீஸ் வரல?" என்றாள்.

போலீஸ் வரவேயில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, அவள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் நெற்றியில் ஈரத்துணி போட்டாள், பின்னணியில் புல்லாங்குழல், அவன் கதாநாயகன் ஆகிவிட்டான்.

நான் அந்தத் தாலிக் காட்சி வந்த ராத்திரியே சேனலுக்குப் புகார் எழுதினேன். இப்படிப் புகார் செய்ய வழி இருக்கிறது என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். 1994ஆம் வருஷத்து கேபிள் டிவி விதிகளில் 2021 ஜூனில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன்படி பார்வையாளர் யாரும் சேனலுக்கே புகார் அனுப்பலாம். 24 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் போட வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்கள் சேர்ந்து வைத்திருக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பொழுதுபோக்கு சேனல்களுக்கு பிசிசிசி என்ற கவுன்சில் 2011லிருந்தே இருக்கிறது, ஓய்வுபெற்ற நீதிபதிதான் தலைவர். அதற்கும் மேலே மத்திய அரசு. எனக்கு மறுநாளே புகார் எண் வந்தது. பதிமூன்றாவது நாள் பதிலும் வந்தது: அந்தப் பாத்திரம் பின்னால் திருந்துவதாகக் கதை போகும், தொடர்ந்து பாருங்கள் என்று. அவன் திருந்துவது என் கேள்வியே இல்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன நியாயம் என்பதுதான் கேள்வி. மேலே எழுதலாம் என்று இருக்கும்போது அம்மாவுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து மறுபடி ஆஸ்பத்திரி, 15 நாள் கெடுவும் தாண்டிப் போனது.

அதே விதிகளில் ஆறாவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? பெண்களை இழிவுபடுத்தும் நிகழ்ச்சி கூடாது என்கிறது. குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சி போடக்கூடாது என்கிறது. பெண்களை நல்ல விதமாக, முன்னின்று நடத்துகிறவர்களாகக் காட்டும் நிகழ்ச்சிகளைக் கொடுக்க முயற்சி செய்ய வேண்டும் என்றுகூட ஒரு வரி இருக்கிறது. எழுதி வைத்து 30 வருஷம் ஆகிவிட்டது.

ஆனால் அந்த ஒரு காட்சியை வெட்டி எறிந்தால் தீர்ந்துவிடுகிற விஷயம் இல்லை இது. மூன்று மாதம் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான், மற்றது எல்லாம் அதிலிருந்து கிளைத்தது. இந்தக் கதைகளுக்கு முடிவு கிடையாது. எழுதுகிறவருக்கே தெரியாது, எடுக்கிறவருக்கும் தெரியாது. முடியக்கூடாது என்பதற்காகவே எழுதப்படுகிற கதையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் மனசு விட்டுப் பேசினால் பிரச்சினை தீர்ந்துவிடும், அதனால் பேசவே மாட்டார்கள். ஒட்டுக்கேட்கிறவள் பாதியைத்தான் கேட்பாள். உண்மையைச் சொல்ல வருகிற ஆளுக்கு வழியில் லாரி மோதும். வில்லி மாட்டிக்கொண்டால் இரண்டு நாளில் ஜாமீனில் வந்து வாசலில் நிற்பாள். செத்தவர் திரும்பி வருவார், வராவிட்டால் அவரைப் போலவே இன்னொருவர் வருவார். நடிகரே விலகிவிட்டால் திரையில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுக் கதை மேலே போகும்.

இதில் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் அந்தப் பொறுமைசாலி மருமகள். அடித்தால் வாங்கிக்கொள்கிறாள், பழி போட்டால் சுமக்கிறாள், வாசலில் தள்ளினால் அங்கேயே உட்கார்ந்து சாமி கும்பிடுகிறாள். அவள் எழுந்து போய் ஒரு வக்கீலைப் பார்த்தாலோ, ஒரு வேலையைத் தேடிக்கொண்டு தனியாக வீடெடுத்தாலோ கதை அன்றோடு முடிந்துவிடும். அதனால் அவள் பொறுத்தே ஆக வேண்டும். இது கதை ஓடுவதற்கு வேண்டியிருக்கிற பொறுமை. அதைப் போய்ப் பெண்ணுக்கு அழகு என்றும் குடும்பப் பெண்ணின் லட்சணம் என்றும் வசனம் எழுதி, நெருக்கத்தில் முகத்தைக் காட்டி, இசை போட்டு, தினமும் நம் வீட்டுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என் அம்மா அந்தக் காலத்தில் மாமியார் வீட்டில் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாள் அந்த மாதிரி காட்சி ஓடும்போது, "நானும் இப்படித்தான் வாயைத் திறக்காம இருந்தேன்" என்றார். பெருமையாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, ஏன் முடிப்பதில்லை? எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் சென்னையில் சீரியல்களில் உதவி இயக்குநராக இருக்கிறான். அம்மாவைப் பார்க்க வந்தபோது அவனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். வியாழக்கிழமை என்றாலே வயிற்றைக் கலக்கும் அத்தை என்றான். வாரத்துக்கு ஒரு தடவை அன்றைக்குத்தான் டிஆர்பி, அதாவது எந்த சீரியலை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்கிற கணக்கு, வரும். நம்பர் இறங்கியிருந்தால் அன்று மத்தியானமே சேனலிலிருந்து போன் வரும், ட்ராக்கை மாற்று, ஒரு கல்யாணம் வை, ஒரு அறை விழட்டும், இரண்டு சீரியலைச் சேர்த்து மகா சங்கமம் போடு என்று. மூன்று மாதத்துக்கு முன் உட்கார்ந்து பேசிய கதையெல்லாம் அன்றைக்கே போய்விடும். காலையில் செட்டுக்குப் போனால் அன்றைய சீன் பேப்பர் முழுசாக வந்திருக்காது, எடுக்க எடுக்க வாட்ஸ்அப்பில் வரும். இவன் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை வரி வரியாகச் சொல்ல, நடிகர்கள் அதைக் கேட்டுத் திரும்பச் சொல்வார்கள். ப்ராம்ப்டிங் என்பார்கள். மனப்பாடம் செய்ய யாருக்கும் நேரம் கிடையாது, ராத்திரிக்குள் ஒரு எபிசோடுக்கு மேல் எடுத்தாக வேண்டும். கூடத்தில் பத்துப் பேரை நிற்க வைத்து ஒவ்வொருவர் முகமாக ரியாக்‌ஷன் எடுப்பது ஏன் என்று கேட்டேன். எழுதி வந்த பக்கம் பத்தவில்லை என்றால் நிமிஷத்தை அதை வைத்துத்தான் நிரப்புவோம் என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சாப்பிடும்போது கை நடுங்குகிற அளவுக்குத் தூக்கமில்லாமல் இருந்தான்.

அவன் போன பிறகு ஒரு நாள் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். எட்டு மணி சீரியல். அந்த அரை மணி நேரத்தில் விளம்பரமும் சேனலின் சொந்த ப்ரோமோவும் சேர்ந்து ஒன்பது நிமிஷத்தைத் தாண்டியது. முந்தின நாள் கதையும் டைட்டில் பாட்டும் மூன்று நிமிஷம். மிச்சம் இருந்ததில் ஒருத்தி சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்கு மற்றவர்கள் அதிர்ச்சியாவதைக் காட்டி முடிக்க இரண்டு நிமிஷம் போனது. நான் மேலே சொன்ன அதே விதிகளில் ஏழாவது விதி, ஒரு மணி நேரத்துக்கு விளம்பரம் 12 நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது, 10 நிமிஷம் வியாபார விளம்பரம், 2 நிமிஷம் சேனலின் சொந்த விளம்பரம். அப்படிப் பார்த்தால் அரை மணிக்கு ஆறு நிமிஷம். காசு கொடுத்துப் பார்க்கிற பே சேனலுக்கும் இதே கதிதான் என்பதுதான் கொடுமை, சந்தாவும் வாங்கிக்கொள்கிறார்கள், நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள், டிஆர்பியைப் பாருங்கள். சரி, பார்ப்போம். இந்தியாவில் இதை அளப்பது 'பார்க்' (BARC) என்ற அமைப்பு, 2015லிருந்து கணக்குக் கொடுக்கிறது. அதை நடத்துவது சேனல்கள், விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகள், விளம்பர ஏஜென்சிகள், மூன்று தரப்பும் சேர்ந்து. பார்க்கிற நமக்கு அதில் நாற்காலி இல்லை. 2025இல் நாடு முழுக்க சுமார் ஐம்பத்தெட்டாயிரம் வீட்டில்தான் மீட்டர் வைத்திருந்தார்கள். டிவி இருக்கும் வீடுகள் 21 கோடி என்று அவர்களே 2020இல் கணக்குச் சொன்னார்கள். சுமாராக 3,600 வீட்டுக்கு ஒரு மீட்டர். மாதிரி எடுத்துக் கணக்கிடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, ஒரு சோறு பதம் பார்ப்பது நமக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த மீட்டர் எதை அளக்கிறது? எந்தச் சேனல் ஓடியது, முன்னால் யார் இருப்பதாக ரிமோட்டில் பட்டனை அமுக்கினார்கள், இவ்வளவுதான். பிடித்துப் பார்த்தார்களா, வேறு வழியில்லாமல் பார்த்தார்களா, எரிச்சலோடு பார்த்தார்களா என்று அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மீட்டர் இருந்திருந்தால், ஒன்பதரைக்கு மேல் அம்மா அசந்து தூங்கிய பிறகு ஓடிய சீரியல்களெல்லாம்கூட அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த சீரியல்களாகப் பதிவாகியிருக்கும். 2020 அக்டோபரில் சில வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனலை ஓட வைத்தார்கள் என்று மும்பை போலீஸ் வழக்குப் போட்டதும், செய்திச் சேனல்களுக்கு மட்டும் ரேட்டிங் வெளியிடுவதையே நிறுத்தி வைத்ததும், 2022 மார்ச்சில்தான் மறுபடி ஆரம்பித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அத்தனை மாதம் நம்பர் இல்லாமலும் செய்திச் சேனல்கள் ஓடத்தான் செய்தன.

பிடிக்கவில்லை என்றால் ரிமோட் உங்கள் கையில்தானே இருக்கிறது என்பார்கள். நானும் மாற்றிப் பார்த்தேன். எட்டு மணிக்கு ஒரு சேனலில் கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள், அடுத்த சேனலில் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள், அதற்கடுத்ததில் ஒருத்தி வாசலில் நின்று அழுகிறாள், செய்திப் பக்கம் போனால் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், அதற்கு விவாதம் என்று பேர். சனி ஞாயிறு வந்தால் சின்னப் பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பெரியவர்கள் பாட்டுக்குப் பெரியவர்கள் மாதிரி ஆட விடுகிறார்கள். அது கூடாது என்று 2019 ஜூனில் மத்திய அரசு சேனல்களுக்கு அறிவுரையே அனுப்பியது, அதைப் பற்றி எழுதினால் அது தனிக் கடிதமாகிவிடும்.

இன்னொரு விஷயம். படித்தவர்கள், இளவட்டங்கள் எல்லாம் போனுக்கும் ஓடிடிக்கும் போய்விட்டார்கள். அங்கே தமிழிலேயே எட்டு எபிசோட், பத்து எபிசோடில் முடிகிற தொடர்கள் வருகின்றன, நன்றாகவும் எழுதுகிறார்கள். ஆக எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். டிவி முன்னால் மிச்சம் இருப்பது யார்? என் அம்மா மாதிரி வயசானவர்கள், நாள் பூராவும் வேலை செய்துவிட்டு வந்து உட்காரும் பெண்கள், சந்தா கட்டி ஆப் இறக்கத் தெரியாதவர்கள். 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவி ஒன்றரைக் கோடிக்கும் மேல், ஏழை வீட்டுக் கூடத்துக்கெல்லாம் டிவி போய்ச் சேர்ந்துவிட்டது, ரொம்ப நல்ல விஷயம். அந்தக் கூடத்தில் இருக்கிறவர்களுக்கு நாம் கொடுப்பது இதுதானா? வேறு போக்கிடம் இல்லாதவர்கள் பார்க்கிறார்கள் என்பதை வைத்துக்கொண்டு அவர்களுடைய ரசனையே இவ்வளவுதான் என்று சொல்வது அந்தப் பெண்களை அவமானப்படுத்துவது. என் அம்மா பேப்பரைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறவர், நல்ல நாவல் கிடைத்தால் இரண்டு நாளில் முடித்துவிடுவார்.

முடிகிற கதையை நாம் பார்த்ததே இல்லையா என்ன? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை நாடகம் அன்றைக்கே முடிந்துவிடும். அப்புறம் தூர்தர்ஷனில் 13 வாரத் தொடர்கள் வந்தன, எழுதுகிறவருக்கு 13 வாரம்தான் என்று கையெழுத்துப் போடும்போதே தெரியும். 1984இல் இந்தியில் 'ஹம் லோக்' வந்தது, நாட்டின் முதல் நெடுந்தொடர் என்பார்கள். குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலைமை இதையெல்லாம் கதையோடு கதையாகச் சொல்வதற்காகவே மெக்சிகோவில் செய்து பார்த்த முறையைப் பின்பற்றி எடுத்தார்கள். ஒவ்வொரு எபிசோட் கடைசியிலும் நடிகர் அசோக் குமார் வந்து அன்றைய கதையைப் பற்றிப் பார்க்கிறவர்களோடு பேசுவார். ஜனங்கள் அவருக்கு லட்சக்கணக்கில் கடிதம் போட்டார்கள். சுமார் 17 மாதத்தில் முடித்துவிட்டார்கள். தனியார் சேனல் வந்து, தினசரி மெகா சீரியலைத் தமிழ்நாட்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோன 'சித்தி'கூட 1999 கடைசியில் தொடங்கி 2001இல் முடிந்தது. அது முடிந்த அன்று எங்கள் தெருவில் சத்தமே இல்லை, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம்தான் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று எகிறியது. 'சந்திரலேகா' 2014இல் ஆரம்பித்து 2022 வரை 2,300 எபிசோடுக்கு மேல் ஓடியது. நடித்தவர்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு வருஷத்துக்குத் தாங்குகிற கதையை எந்த எழுத்தாளரால் வாரத்துக்கு ஆறு நாள் எழுத முடியும்? உலகத்தில் யாராலும் முடியாது.

முடிக்கும்போதாவது மரியாதையாக முடிக்கிறார்களா, அதுவும் இல்லை. அம்மா நாலு வருஷமாக விடாமல் பார்த்த ஒரு சீரியல், நான் அங்கே இருந்தபோதுதான் முடிந்தது. நம்பர் இறங்கிவிட்டது, அந்த ஸ்லாட்டுக்குப் புதுசு ஒன்று வருகிறது என்று திடீரென்று ப்ரோமோ போட்டார்கள். நாலு வருஷம் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்த ரகசியம் செவ்வாய்க்கிழமை தெரிந்தது, வில்லி புதன்கிழமை காலில் விழுந்தாள், வெள்ளிக்கிழமை எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அம்மா கொஞ்ச நேரம் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அவ்வளவுதானாடி?" என்று என்னைக் கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதுகூட என்ன ஆச்சு என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட கதை அது.

அதனால் சேனல்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கதை ஆரம்பிக்கும் அன்றே அது எத்தனை எபிசோட் என்று திரையில் போடுங்கள். 100 என்றால் 100, 200 என்றால் 200. அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அழ வையுங்கள், வில்லி வையுங்கள், மாமியார் மருமகள் சண்டையே வையுங்கள், பரவாயில்லை. முடிவு இருக்கிறது என்று தெரிந்தால் எழுதுகிறவர் கதையை எழுதுவார், அந்த மருமகளும் ஒரு நாள் எழுந்து பேசுவாள். விளம்பரம் கொடுக்கிறவர்களுக்கும் இத்தனை வாரம் என்று கணக்குத் தெரியும், அவர்களுக்கு என்ன நஷ்டம்? ஓடுகிற சீரியலை ஏன் நிறுத்த வேண்டும் என்பீர்கள். மக்களுக்குப் பிடித்தால் இரண்டாம் பாகம் எடுங்கள், அதையும் எத்தனை எபிசோட் என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

அப்புறம் ஆசிரியரே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக்கூடாது. வெள்ளிக்கிழமை வெளியாகி திங்கட்கிழமை தியேட்டரை விட்டுப் போகிற படத்துக்குக்கூட அரைப் பக்கம் விமர்சனம் எழுதுகிறீர்கள், கதை என்ன, கேமரா எப்படி, எடிட்டிங் எப்படி என்று. தினமும் இத்தனை லட்சம் வீடுகளில் ஓடுகிற சீரியலைப் பற்றி எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் வருவது என்ன? யார் விலகினார், யார் புதிதாகச் சேர்ந்தார், எந்த ஜோடிக்குக் கல்யாணம், இந்த வாரம் டிஆர்பியில் எது முதலிடம். இதையெல்லாம் சேனலே கொடுத்துவிடும், பத்திரிகை எதற்கு? எட்டு மணி சீரியலில் அந்தத் தாலி கட்டுகிற காட்சி வந்த மறுநாள், இது குற்றம், இதைக் காதலாகக் காட்டக்கூடாது என்று பேரோடு நாலு வரி உங்கள் பத்திரிகையில் வந்திருந்தால் அந்தப் பதிமூன்றாவது நாள் பதில் எனக்கு அப்படி வந்திருக்காது என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். ஒருவர் மட்டும் எழுதும் புகாருக்கு இல்லாத மதிப்பு அச்சில் வருவதற்கு இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு நாள், ஒரு பத்தி போதும். சீரியலைத் தொடர்ந்து பார்க்கிற ஒருவரை, முடிந்தால் பார்த்து வளர்ந்த ஒரு பெண்ணை, எழுதச் சொல்லுங்கள். கேலி செய்கிற ஆள் வேண்டாம், கேலி நிறைய வருகிறது, அது பார்க்கிற பெண்களையும் சேர்த்துத்தான் கேலி செய்கிறது. நல்லா இருந்தால் நல்லா இருக்கிறது என்றும், ஒரு நடிகை நன்றாகச் செய்திருந்தால் அதையும் எழுதட்டும். அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார், காலையில் வாசலில் கிடக்கும் பேப்பரை அவரே போய் எடுத்து வருகிறார். அந்தப் பத்தி வந்தால் முதலில் படிப்பது அவராகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி